எளியோர்க்குரிய உதவிப் பணமும் அதனைக் காக்கும் கடனும்

(நெய்வேலி நகரியத்தில் கூடிய நம் சங்க உறுப்பினர், குடும்பத்தார் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் புகுந்த பொருள் இலக்கியமன்று, இலக்கணமுமன்று. முதியோர்க்கும், கைம்பெண்டிர்க்கும், உழவர்க்கும், மாணாக்கர்க்கும் அரசாங்கம் அளித்துவரும் உதவிப் பணத்தைப் பற்றியும், அஃது உரியவர் கையிற் சேராவண்ணம் இடைநின்று கவர்வார் செய்யும் சூழ்ச்சிகளைப் பற்றியும், அவற்றினின்று நம் மக்களைக் காக்கும் வழியைப் பற்றியும் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். தமிழ் கற்பிப்பார்க்கு வங்கிக் கணக்கில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். எம்மிடம் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர், தம் செல்பேசியில் வந்த ஆங்கிலச் செய்தியைப் படித்துச் சொல்லுமாறு எம்மிடமே கொண்டுவருகின்றனர். எழுத்தறிவித்தல் எம் தொழிலாயின், எழுத்தறியாமையால் விளையும் இழப்பைத் தடுத்தலும் அத்தொழிலின் பாற்படும் என்றே கருதுகின்றோம்.

முதற்கண் ஓர் ஐயத்தை நீக்குதல் வேண்டும். அரசாங்கம் தரும் உதவிப் பணம் பிச்சையென்று நினைப்பார் நம்மிற் பலர் உளர். அங்ஙனம் நினைப்பதனாலேயே, அது களவு போயினும் வாய்திறவாது இருந்துவிடுகின்றனர். பசித்தார்க்குச் சோறிடுதல் இந்நாட்டில் புதிய அறமன்று. நமக்கு அண்மையிலுள்ள வடலூரில், பார்வதிபுரத்து மக்கள் அளித்த நிலத்தில், இராமலிங்க அடிகளார் 1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் எரிந்துகொண்டிருக்கின்றது. அங்கே உண்ணச் செல்வாரை யார், எவ்வூர், என்ன குலம் என்று எவரும் கேட்பதில்லை. தனியொரு துறவியார் கருணையாற் செய்த அவ்வறத்தை, ஓர் அரசாங்கம் குடிகளின் வரிப்பணங் கொண்டு சட்டமும் கணக்கும் வகுத்துச் செய்யுமாயின், அதனைப் பெறுவார் இரவலர் ஆகார், உரிமையுடையோர் ஆவர்.

தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கப்பெற்றது. அந்நாளில் மாதம் இருபது ரூபாய். நடுவணரசின் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் 1995-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் வந்தது. தமிழ்நாட்டில் அத்தொகை 2011-ஆம் ஆண்டில் 1,000 ரூபாயாகவும், 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 1,200 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் காஞ்சிபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்ட மகளிர் உரிமைத்தொகைத் திட்டம், ஒரு கோடியே ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட மகளிர்க்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கத் தொடங்கிற்று. அதன் பெயரிலேயே உரிமை என்னுஞ் சொல் அமைந்திருத்தலை நம் தாய்மார் நினைவிற் கொள்க.

சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் நிலையான ஊதியம் பெறுவார்க்கு ஆயிரத்திருநூறு ரூபாய் ஒரு பொருட்டன்று. ஆயின் குறிஞ்சிப்பாடியையும் பண்ருட்டியையும் சூழ்ந்த சிற்றூர்களில், முந்திரித் தோப்பிற் கொட்டை பொறுக்கி வாழ்ந்து, இப்பொழுது முதுகு வளைந்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருக்கும் நம் பாட்டிமார்க்கு அதுவே மருந்து. அதுவே தேயிலையும் சருக்கரையும். பேரப்பிள்ளை வந்தால் மிட்டாய் வாங்கிக் கொடுக்கும் பெருமையும் அதுவே. மகன் கையை எதிர்பாராது தன் மடியினின்றும் ஒரு பத்து ரூபாய் எடுத்துக் கொடுக்கும்பொழுது அவள் முகத்தில் தோன்றும் மலர்ச்சியை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். அப்பணத்தைக் கவர்வான் பணத்தை மட்டும் கவர்வானல்லன்.

நிற்க. இப்பணம் மக்களை அடையும் வழி இடைக்காலத்தில் மாறிவிட்டது. முன்னாளில் அஞ்சற்காரர் மணியார்டர் கொணர்ந்து, வீட்டு வாயிலில் எண்ணிக் கொடுத்துக் கைந்நாட்டுப் பெற்றுச் செல்வார். சில இடங்களில் ஐந்தோ பத்தோ குறைந்தே கையில் விழுந்தது என்பது முதியோர் அறிந்த செய்தி. அக்குறையை நீக்கும் பொருட்டு, பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே நேரே பணஞ் செலுத்தும் முறை நாடு முழுதும் 2013-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கிப் பரவிற்று. இடைத்தரகர் நீங்குவர் என்பது அதன் நோக்கம். அந்நோக்கம் நன்று, பெரும்பகுதி நிறைவேறியும் உள்ளது.

ஆயினும் ஒரு வேறுபாட்டை நோக்குக. அஞ்சற்காரர் பத்து ரூபாய் குறைத்தால் கிழவி அதனைத் தன் கண்ணாற் கண்டாள். தெருவில் நின்று கேட்கவும் கேட்டாள். இப்பொழுதோ பணம் கண்ணுக்குப் புலனாகாது வருகின்றது. கண்ணுக்குப் புலனாகாது போகின்றது. ஆதார் எண், செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி. என்னும் ஒருமுறைக் கடவெண், விரல்ரேகை ஆகிய மூன்றும் அப்பணப் பெட்டியின் திறவுகோல்கள். இம்மூன்றையும் தானே பயன்படுத்த அறியாதவர், மீண்டும் பிறர் கையையே நாடுகின்றனர். வாயில் வழியே வெளியேறிய தரகன் பலகணி வழியே உட்புகுந்தான் என்க.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் கடலூர் மாவட்டத்திலேயே நிகழ்ந்ததொன்று உண்டு.

நிலமுடைய உழவர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை, 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணையில் அளிக்கும் பி.எம். கிசான் திட்டம் 2019-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. உழவர் அலுவலகம் சென்று அலையாது, இணையவழி தாமே பெயரைப் பதிந்துகொள்ளவும் அவ்வாண்டிலேயே வழி செய்யப்பட்டது. பதிந்த பெயரை அதிகாரிகள் ஆராய்ந்து, தமக்கெனத் தரப்பட்ட கடவுச்சொல்லைப் பயன்படுத்தி ஒப்புதல் அளித்தல் வேண்டும். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோயால் ஊரடங்கி, கூலி வேலையின்றி மக்கள் வாடிய காலத்தில், அக்கடவுச்சொற்கள் பிறர் கைக்குச் சென்றன. தரகர் ஊரூராகச் சென்றும், கணினி மையங்களில் இருந்தும், ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் வாங்கி, ஒரு காணி நிலமும் இல்லாத கூலிகளையெல்லாம் உழவரெனப் பதிந்தனர். இது கொரோனாவுக்காகச் சர்க்கார் தரும் பணம் என்றே தம்மிடம் கூறப்பட்டதாக அம்மக்களிற் பலர் பின்னர் உரைத்தமை அக்காலச் செய்தித்தாள்களில் வெளியாயிற்று.

ஆகஸ்டு மாதத்தில் அஃது அம்பலமாயிற்று. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டங்களின் பெயர் முன்னின்றது. நாடாளுமன்றத்தில் அவ்வாண்டு செப்டம்பரில் நடுவண் வேளாண் அமைச்சர் தெரிவித்தவாறு, தமிழ்நாட்டில் ஆராயப்பட்ட 5 இலட்சத்து 95 ஆயிரம் கணக்குகளில் 5 இலட்சத்து 38 ஆயிரம் தகுதியற்றவை. தவறாகச் சென்ற தொகை ஏறத்தாழ 110 கோடி ரூபாய். அதுகாறும் மீட்கப்பட்டது 61 கோடி. ஒப்பந்த ஊழியர் 96 பேர் நீக்கப்பட்டனர். அதிகாரிகள் 34 பேர் மீது துறை நடவடிக்கை எழுந்தது. 13 மாவட்டங்களில் சி.பி.சி.ஐ.டி. காவலர் வழக்குப் பதிந்து 52 பேரைச் சிறைப்படுத்தினர்.

இதிற் பொருளை இழந்தார் யாவர்? அரசாங்கம் இழந்தது, அதனினும் மிக இழந்தவர் அவ்வேழைகளே. கணக்கில் விழுந்த இரண்டாயிரத்திலோ நான்காயிரத்திலோ ஒரு பகுதியைத் தரகன் முன்னமே பெற்றுக்கொண்டான். எஞ்சியதை அவர்கள் அரிசிக்கும் மருந்துக்கும் செலவிட்டனர். பின்னர் அதிகாரிகள் வந்து முழுத் தொகையையும் திருப்பிக் கேட்டனர். வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. தரகனுக்குத் தந்ததையுஞ் சேர்த்து அவர்களே ஈடுசெய்ய நேர்ந்தது. தகுதியில்லாப் பணத்தைத் திரும்பப் பெறுதல் சர்க்காரின் கடமையே; அதனை யாம் குறைகூறவில்லை. ஆயின் ஏமாற்றினவனும் ஏமாற்றப்பட்டவனும் ஒரே தட்டில் நிறுக்கப்படும்பொழுது தராசு கோணுகின்றது என்பதை மட்டும் கூறுகின்றோம்.

இந்நிகழ்ச்சியினின்றும் நம் சங்கத்தார் சிறப்பாகக் கற்க வேண்டுவது ஒன்றுண்டு. கேட்பதற்குக் கசப்பாயினும் பொறுத்தருளுமாறு வேண்டுகின்றோம். முன்பின் அறியாதவன் வந்து வங்கிப் புத்தகத்தைக் கேட்டால் நம் வீட்டுப் பெண்டிர் கொடார். கொடுப்பது யாரிடம்? "நம்ம பையன்", "நம்ம தெருக்காரர்", "நம்மவர்" என்று நம்பப்படுவாரிடம். சித்தப்பா என்றும் மாமா என்றும் முறைகூறி அழைத்த நாவுக்கு, ஆதார் அட்டையைத் தர மாட்டேன் என்று மறுக்கக் கூசுகின்றது. உறவும் குலமும் பற்றி எழும் நம்பிக்கை நமக்குப் பெரிய செல்வம். இச்சங்கம் நிற்பதும் அதன்மேலேயே. அச்செல்வமே கள்வன் நுழையும் வழியாகவும் ஆகின்றது. நம்மவன் ஒருவன் தவறிழைத்தான் என்று தெரிந்தால், "வெளியே சொன்னால் குடும்பத்துக்கு இழுக்கு" என்று மூடி மறைப்பாரும் உளர். அங்ஙனம் மறைக்கப்படும் ஒவ்வொரு முறையும் நம் குலத்து ஏழை ஒருத்தியின் இழப்பால் நம் குலத்துக் கள்வன் ஒருவன் காப்பாற்றப்படுகின்றான். இழுக்கு எதில் உளது என்பதை அவையோரே ஆராய்ந்து கொள்க.

இனி, இந்நாளில் வழங்கும் சூழ்ச்சிகளை ஒவ்வொன்றாகக் கூறுவோம்.

முதலாவது, செல்பேசி அழைப்பு. மகளிர் உரிமைத்தொகை கணக்குகளிற் சேர்ந்த 2023-ஆம் ஆண்டு செப்டம்பரிலேயே, வங்கியினின்று பேசுவதாகக் கூறி ஓ.டி.பி. எண்ணைக் கேட்கும் அழைப்புகள் பற்றி எச்சரிக்கைகள் எழுந்தன. விண்ணப்பம் ஏற்கப்படாதவர்களுக்கு மேல்முறையீட்டுக்காக 30 நாள் தரப்பட்டிருந்தது. அத்தகைய காலத்தில் மனங்கலங்கி நிற்பாரிடம் "யாம் வாங்கித் தருகின்றோம்" என்று ஒருவன் கூறினால், அவனை நம்பத் தோன்றுவது இயல்பு. அறிக: ஓ.டி.பி. என்பது உம் பெட்டியினின்று பணம் வெளியே செல்லுதற்கு, அல்லது உம் பெயரால் ஒரு மாற்றம் நிகழ்தற்கு, உமது இசைவு. பிறர் உமக்குப் பணம் அனுப்புதற்கு உம் ஓ.டி.பி. வேண்டுவதேயில்லை. இவ்வொன்றை மனத்திற் பதித்தால் பாதிச் சூழ்ச்சி பயனற்றுப் போம்.

இரண்டாவது, கல்வி உதவித்தொகையின் பெயரால் வருவது. புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கி, அரசுப் பள்ளியிற் பயின்று கல்லூரி செல்லும் மாணாக்கர்க்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்க வகைசெய்தன. ஆதலின் உதவித்தொகை என்றால் பெற்றோர் நம்புகின்றனர். கல்வித் துறையினின்று பேசுவதாகக் கூறும் ஒருவன், பிள்ளையின் பெயரும் வகுப்பும் பிழையின்றிச் சொல்லி, கியூ.ஆர். என்னும் கட்டப் படமொன்றை வாட்ஸாப்பில் அனுப்பி, அதனை வருடி மறைவெண்ணை இடுமாறு கூறுவான். கட்டப் படத்தை வருடி மறைவெண் இடுதல் பணங் கொடுப்பதற்கேயன்றிப் பெறுவதற்கன்று. பெயரைச் சரியாகச் சொன்னான் என்பது அவன் உண்மையானவன் என்பதற்குச் சான்றாகாது. பள்ளிப் பட்டியல்கள் பல கைகளிற் புழங்குகின்றன.

மூன்றாவது, விரல்ரேகை. சிற்றூர்களில் வங்கி முகவர் ஒரு சிறு கருவியைக் கொணர்ந்து, ஆதார் எண்ணும் ரேகையும் பெற்றுப் பணம் அளிக்கின்றார். நடக்கமாட்டா முதியோர்க்கு இது பேருதவி. நேர்மையாகச் செய்வார் பலர். நேர்மையற்றவனோ, "ரேகை பதியவில்லை, மறுபடி வையுங்கள், பாட்டி" என்பான். முதன்முறையே பதிந்திருக்கும், இரண்டாம் முறை எடுத்தது அவன் பைக்குச் செல்லும். இதில் ஓ.டி.பி.யும் வேண்டுவதில்லை. அன்றியும், தெலங்கானாவில் 2018-ஆம் ஆண்டில் ஒருவன், பதிவுத் துறை இணையத்தளத்திலிருந்த பத்திரங்களினின்றும் கைரேகைகளைப் படியெடுத்து, ரப்பர் முத்திரை போல் வார்த்து, பிறர் பெயரிற் செல்பேசி இணைப்புகளைப் பெற்றமை வெளிப்பட்டது. இணைப்புக்கு உதவிய அவ்வழி பணமெடுக்கவும் உதவக்கூடும். இதற்கு மாற்றாக, ஆதார் ஆணையத்தின் இணையத்தளத்திலோ செயலியிலோ நம் ரேகையைப் பூட்டி வைத்தல் இயலும். ஆயின் பூட்டிய ரேகை நியாயவிலைக் கடையிலும் செல்லாது. அரிசி வாங்கச் செல்லுமுன் திறந்துவைத்தல் வேண்டும். இதனை அறியாது பூட்டிவிட்டுக் கடை வாயிலில் அல்லற்படற்க.

நான்காவது, ஓய்வு பெற்றோரைக் குறிவைப்பது. நம் நகரியத்தில் சுரங்கப் பணியினின்று ஓய்வுற்றோர் பலர். ஆண்டுதோறும் உயிர்வாழ்ச் சான்று அளிக்கும் கடமை அவர்க்குண்டு. "சான்று புதுப்பிக்கப்படவில்லை, இன்று மாலைக்குள் எண்ணைச் சொல்லாவிடில் ஓய்வூதியம் நின்றுவிடும்" என்று ஒருவன் அச்சுறுத்துவான். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் அச்சான்றை ஆண்டின் எந்நாளிலும் அளிக்கலாம். அளித்த நாளினின்று ஓராண்டு செல்லும். இன்று மாலைக்குள் என்று விரைவுபடுத்துவான் எவனாயினும் அவனிடம் ஐயங்கொள்க.

ஐந்தாவது, மிகப் பழையது: விண்ணப்பம் எழுதித் தருவதாகவும், "மேலே கொடுக்க வேண்டும்" என்றும் கூறிப் பணம் பறித்தல். இ-சேவை மையத்தில் பெறப்படும் கட்டணத்துக்கு ஒப்புகைச் சீட்டுண்டு. சீட்டில்லாத கட்டணம் கட்டணமன்று, கொள்ளை.

வங்கிகளிடத்தும் ஒரு குறை எழுந்ததுண்டு. 2023-இல் உரிமைத்தொகை வந்த சில நாட்களில், குறைந்தபட்ச இருப்பில்லை யென்றும் பழைய கடன் என்றும் சில வங்கிகள் அதினின்றும் பிடித்துக்கொண்டன. தமிழக நிதியமைச்சராயிருந்த தங்கம் தென்னரசு அவர்கள் அதனைக் கண்டித்து அறிக்கை விடுத்தார். இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்பது எல்லா வங்கியிலும் உண்டு. உதவிப் பணம் பெறுவோர் அக்கணக்கையே கேட்டுப் பெறுதல் நலம்.

இத்துன்பம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் ஏழைகளுக்கு உணவு வாங்க அரசாங்கம் ஓர் அட்டை தருகின்றது. வங்கி அட்டைகளிற் காப்புச் சில்லு வந்து பல்லாண்டு கழிந்த பின்னும், ஏழைகளின் அட்டை காந்தப் பட்டையோடே நின்றது. கடைகளிற் கள்ளக் கருவி பொருத்தி அப்பட்டையைப் படியெடுத்தவர்கள், பிள்ளைகளின் உணவுப் பணத்தை ஓரிரவிற் கவர்ந்தனர். 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் இயற்றிய சட்டமொன்று, அங்ஙனம் களவுபோன பணத்தை மீண்டும் ஈந்தது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 20-ஆம் நாளோடு அவ்வுதவி நின்றது. செல்வர் பெட்டிக்கு இரும்புப் பூட்டும் ஏழை பெட்டிக்கு மரப்பூட்டும் இடும் வழக்கம் அங்கும் உண்டு என்பதை இதனால் அறிகின்றோம்.

நெதர்லாந்து நாட்டில் நிகழ்ந்தது மறுதலையானது. குழந்தை பராமரிப்புக்கு உதவித்தொகை பெற்ற பல்லாயிரம் பெற்றோரை, மோசடி செய்தார் என்று அரசாங்கமே தவறாகக் குற்றஞ்சாட்டி, பெற்றதையெல்லாம் திருப்பித் தருமாறு கட்டளையிட்டது. குடும்பங்கள் கடனில் ஆழ்ந்தன. உண்மை வெளிப்பட்டபொழுது, அவ்வமைச்சரவையே 2021-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் பதவி விலகிற்று. கள்வனைப் பிடிக்க வீசும் வலையில் எளியவர் சிக்காதவாறு காத்தலும் காவலின் ஒரு கூறே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

இனி, இழந்தவர் செய்யத்தக்கது யாது? திருவள்ளுவர் இரவுக்கு ஓரதிகாரமும், அதனையடுத்து இரவச்சத்துக்கு ஓரதிகாரமும் வகுத்தார். கேட்கக் கூசும் மானம் தமிழர்க்கு ஊறிய குணம். அம்மானமே, ஏமாந்தவரை வாய்மூடச் செய்கின்றது. "மருமகள் அறிந்தால் ஏசுவாள்", "மகன் அறிந்தால் செல்பேசியைப் பிடுங்கிக்கொள்வான்" என்று அஞ்சிப் பாட்டிமார் பல நாள் மறைக்கின்றனர். மறைக்கும் ஒவ்வொரு நாழிகையும் கள்வனுக்கு ஆதாயம். ஆகவே வீட்டிலுள்ள இளையோர்க்குச் சொல்லுகின்றோம்: ஏமாந்தவரை ஏசற்க. "சொன்னீர்களே, நல்லது" என்பதே உம் வாயினின்று எழும் முதற்சொல் ஆகுக.

சொல்லியவுடன் 1930 என்னும் எண்ணுக்கு அழைத்தல் வேண்டும். இஃது இணையவழிப் பணக் குற்றங்களை முறையிடும் எண். உடனே முறையிட்டால், பணம் சென்று சேர்ந்த கணக்கிலேயே அதனைத் தடுத்து நிறுத்த இடமுண்டு. கைமாறிக் கைமாறிப் போனபின் அரிது. அதே வேளையில் வங்கிக்கும் எழுத்து மூலம் அறிவித்து ஒப்புகை பெறுக. ரிசர்வ் வங்கி 2017-ஆம் ஆண்டு சூலை 6-ஆம் நாள் பிறப்பித்த கட்டளைப்படி, தன் தவறும் வங்கியின் தவறும் இன்றிப் பிறர் களவால் பணம் போயிற்றெனின், மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தவர்க்கு இழப்பே இல்லை. தானே ஓ.டி.பி.யைச் சொல்லிவிட்டவராயினும், அறிவித்த பின்னர் நிகழும் இழப்பை வங்கியே ஏற்றல் வேண்டும். வங்கி செவிசாயாவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர்க்கு முறையிடலாம். உதவித்தொகையே நின்றுபோயின் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்க்கு மனு எழுதுக. 1100 என்னும் முதலமைச்சரின் உதவி எண்ணும், மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கட்கிழமை தோறும் நடைபெறும் குறைதீர்க்கும் நாளும் உள.

இறுதியாக, சங்கத்துக்குச் சில வேண்டுகோள்கள். நம் மண்டபத்தில் ஞாயிறுதோறும் காலை இரண்டு மணி நேரம் ஒரு மேசை இடுக. எழுத்தறிந்த இளைஞர் இருவர் அங்கே அமர்ந்து, முதியோர் கொணரும் வங்கிப் புத்தகத்தையும் செல்பேசிச் செய்தியையும் படித்துப் பொருள் கூறுக. மனு எழுதித் தருக. ஆயின் நான்கு விதிகளை மீறலாகாது. எவருடைய அட்டையையும் புத்தகத்தையும் வாங்கி வைத்தலாகாது. படித்தவுடன் அவர் கையிலேயே தருதல் வேண்டும். மறைவெண்ணையும் கடவெண்ணையும் கேட்டலாகாது. ஒரு தேநீரும் கைம்மாறாகப் பெறலாகாது. எப்பொழுதும் இருவர் இருத்தல் வேண்டும், ஒருவர் தனித்திருத்தலாகாது. நம்மவரை யாம் ஐயுறுவதாக எண்ணற்க. நல்லவர்மேற் பழி வாராமைக்கும், அல்லவர்க்கு இடங்கொடாமைக்கும் இவ்விதிகள் வேண்டும்.

அம்மேசைக்கு நம் குலத்தார் அல்லாதார் வந்தாலும் திருப்பியனுப்பலாகாது. 2020-இல் தரகர் குலம் பார்த்து ஏமாற்றவில்லை. காப்பவர் மட்டும் குலம் பார்த்தல் எங்ஙனம் பொருந்தும்? வடலூர் அடுப்பு நமக்கு அவ்வளவேனும் கற்பித்திருத்தல் வேண்டும்.

மற்றொன்று: தகுதியில்லாத உதவியை நம்மில் எவரும் நாடலாகாது. "சர்க்கார் பணந்தானே, யார் வீட்டுப் பணம்?" என்பாரும் உளர். நிலமில்லாதவன் உழவன் என்றும், ஊதியமுடையவன் ஏழையென்றும் எழுதிக் கொடுத்துப் பெறும் பணம், உரியவர் ஒருவரை வரிசையினின்று தள்ளிவிடுகின்றது. அன்றியும், பொய்யாவணத்திற் கையொப்பமிட்டவன், தன்னைத் தரகன் ஏமாற்றினபொழுது காவல் நிலையம் செல்ல அஞ்சுவான். நேர்மை தன்னளவிலேயே ஒரு காவல்.

நெய்வேலிச் சுரங்கத்தின் இயல்பை அறிந்த அவையோர்க்கு ஓர் உவமை கூறி அமைவோம். நிலக்கரிப் படுகைக்குக் கீழே பேரழுத்தமுடைய நிலத்தடி நீர் உண்டு. அதனை இரவும் பகலும் இடைவிடாது இறைத்துக்கொண்டிருத்தலாலேயே சுரங்கத்தின் தளம் வெடிக்காது நிற்கின்றது. நேற்று இறைத்தோம், போதும் என்று பொறியை நிறுத்துவார் எவருமில்லை. களவும் அத்தகையதே. ஒரு சூழ்ச்சியை அறிந்து தடுத்தால் வேறொன்று கீழிருந்து எழும். ஒரு நாட் கூட்டத்தால் இது தீராது. ஞாயிறுதோறும் இடும் அம்மேசையாலேயே தீரும். அடுத்த ஞாயிறே அதனைத் தொடங்கச் சங்கத்தார் தீர்மானிக்குமாறு வேண்டுகின்றோம். முதல் மாதத்துக்கு அமர்வோர் இருவருள் ஒருவராக இருக்க யாம் இசைகின்றோம். மற்றொருவர் யார் என்பதை இளைஞர் உள்ளிருந்து இப்பொழுதே ஒருவர் எழுந்து கூறுவாராக.